ஐந்துக்கு ஐந்து

பிப்ரவரி 3
ஒலிப்பதிவுக் கூடம், மூன்றாம் மாடி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே அம்மா, என் வீட்டுக்காரி, உன் மருமகள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் எப்படி? உன் முழங்கால் படியேற விடுகிறதா, இன்னும் முரண்டு பிடிக்கிறதா?

இந்தக் கடிதத்தின் பின்னாலேயே ஒரு பார்சல் வரும். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. பின்பக்கம் நெட் கேபிளைச் செருகி ஹெட்போனை மாட்டினால் நம் வானொலி நிலையத்தின் ஆன்லைன் ஒலிபரப்பு கேட்கும். வேறு பொத்தான் கிடையாது. உள்ளே எல்லாம் நாங்களே அமைத்து சீல் வைத்துவிட்டோம். சீல் வைத்த கருவியைத் திறக்கக் கூடாது என்று உனக்குச் சொல்ல நான் யார்? இருபத்தாறு வருஷமாக ஒலிபரப்புக் கோபுரத்தைக் கட்டி மேய்க்கிறவள் நீ.

விஷயம் இதுதான். ஆன்லைனில் போகும் ஒலி எப்படி இருக்கிறது, கோபுரத்திலிருந்து போகும் ஒலியோடு வைத்துப் பார்த்தால் எப்படி என்று மேலிடம் ஒரு கேட்பு அறிக்கை கேட்கிறது. மாதம் ஒன்று. பேச்சு, பாட்டு, இரைச்சல், தடங்கல் என்று நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மார்க். கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். ஆன்லைன் பற்றிய அறிக்கையும் தபாலில்தான் வர வேண்டும் என்பது நம் அலுவலக லட்சணம்.

யாரைக் கேட்கலாம் என்று பேச்சு வந்தபோது நான்தான் உன்னைச் சொன்னேன். "கோபுரத்து ஆளு நியாயமா மார்க் போடுவாங்களா?" என்று இயக்குநர் இழுத்தார். "எங்க அக்கா தன் சமையலுக்கே அஞ்சுக்கு ரெண்டு போடுறவங்க சார்" என்றேன். மனுஷர் சிரித்துவிட்டார். என் மானத்தைக் காப்பாற்று.

அத்தானுக்கு என் வணக்கம். மாத்திரையை மறக்காதே.

அன்புத் தம்பி


பிப்ரவரி 20
கோபுர வளாகம்

அன்புத் தம்பிக்கு,

நானும் அத்தானும் சுகம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அம்மாவின் சளி விட்டதா?

"இதையெல்லாம் ஃபோன்ல சொன்னா ஆகாதா?" என்கிறார் அத்தான். கோபுரத்தடியில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? இங்கே ஃபோனை எடுத்தால் நீ பேசுவதற்கு முன்னால் நம் நிலையத்துச் செய்தி வாசிக்கிறது. அதனால் உன்னோடு எனக்கு எப்போதும் தபால்தான் வசதி.

பெட்டி வந்தது. மாட்டினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பொறாமையாக இருந்தது. செய்தி வாசிக்கிறவர் தாளைப் புரட்டுவது கேட்கிறது. அடுத்த வரிக்கு முன் அவர் மூச்சு இழுப்பது கேட்கிறது. வயலின் தனியாக ஏறும்போது வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசல் வரைக்கும் வருகிறது. என் டிரான்ஸ்மிட்டரில் இதெல்லாம் நடக்காது. அடியில் எப்போதும் ஒரு முனகல், மழை வந்தால் படபடப்பு, உச்சிக்குப் போகிற சுரங்களுக்கெல்லாம் கழுத்துக்கு மேலே தலையே கிடையாது. உன் பெட்டிக்கு நாலு தலைப்பிலும் ஐந்துக்கு ஐந்து. என் கோபுரத்துக்கு மூன்று. பாட்டில் இரண்டரை. என் வீட்டுப் பிள்ளை என்பதற்காக மார்க் கூட்டிப் போடமாட்டேன்.

ஏணிக்காரரிடம் அறிக்கையைக் காட்டினேன். பத்தொன்பது வருஷமாக அந்தக் கோபுரத்தில் ஏறி பல்பு மாற்றுகிறவர், கொஞ்சம் முகம் சுளித்தார். "ரெண்டரையா மேடம்? மூணாவது போடக் கூடாதா?" என்றார். "உச்சியில நின்னு கேட்டா மூணு, கீழ நின்னு கேட்டா ரெண்டரை" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

ஒரே ஒரு கேள்வி, தம்பி. இந்த அறிக்கை கோபுரத்தை இழுத்து மூடுவதற்காக இல்லையே? என்னோடு சேர்த்து இங்கே எட்டுப் பேர். மூடுவதற்குத்தான் என்றாலும் மார்க்கைக் குறைக்கமாட்டேன், அது வேறு. ஆனால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு மட்டும் பதில் எழுது.

அம்மா தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 11
மூன்றாம் மாடி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் சளி விட்டது, இருமல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் அறிக்கையைப் படித்துவிட்டு இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இப்படி எழுதற ஒருத்தரை நான் பார்த்ததே இல்லப்பா" என்றார். வில் கம்பியைத் தொடும் உரசல் என்று எழுதியிருந்தாயே, அதை உரக்கப் படித்துக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் மருமகள் இப்போது படியில் இறங்கும்போது இரண்டு இரண்டாகத் தாண்டுகிறாள். அம்மாதான் பழைய டப்பா ரேடியோவை விடமாட்டேன் என்கிறாள். என் ஃபோனில் ஆன்லைன் ரேடியோவைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "யாருடா இது, வாய்க்குள்ள பஞ்சை வச்சிட்டுப் பேசுறாங்க?" என்றாள். வயதான காது, என்ன செய்ய. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மார்ச் அறிக்கையைச் சீக்கிரம் அனுப்பு. இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது, அதிகம் எழுத முடியவில்லை.

அன்புத் தம்பி


ஏப்ரல் 2
கோபுர வளாகம்

அன்புத் தம்பிக்கு,

எங்கள் இருவருக்கும் உடம்பு பரவாயில்லை. ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன், வெந்நீர் ஆறியதுதான் மிச்சம். அம்மாவின் இருமலை டாக்டரிடம் காட்டு, உன் கைவைத்தியம் வேண்டாம்.

இந்த மாதம் கொஞ்சம் கடுமையாகவே சோதித்தேன். ஒலியைப் பிழிந்து சுருக்கி அனுப்பும்போது முதலில் மாட்டிக்கொள்வது கைதட்டல் என்று நீதான் ஒரு முறை சொன்னாய். ஆயிரம் கைகள் ஆயிரம் நேரத்தில் தட்டுவதைக் கொஞ்ச இடத்தில் அடைக்க முடியாது, எல்லாம் சேர்ந்து கூழாகிவிடும் என்றாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றத்தை உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். கூழாகவில்லை. முன்வரிசையில் ஒருவர் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார், அவர் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூடத் தெரிந்தது. மறுபடியும் ஐந்துக்கு ஐந்து. எப்படித்தான் செய்தீர்களோ, கெட்டிக்காரர்கள்தான்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். உன் பதிலில் அம்மா இருக்கிறாள், மருமகள் இருக்கிறாள், இயக்குநர் இருக்கிறார், என் கேள்வி மட்டும் இல்லை. வேலை நெருக்கடியில் விட்டுப்போயிருக்கும். இந்த முறை எழுதிவிடு. இங்கே ஜெனரேட்டருக்கு டீசல் போடுகிறவர் முதல் வாட்ச்மேன் வரை என் முகத்தைப் பார்த்து, "மேடம், ஏதாவது கேள்விப்பட்டீங்களா?" என்கிறார்கள். "என் தம்பி அங்கதானே இருக்கான், இருந்தா சொல்லமாட்டானா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

குழந்தையைப் படியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆசை. மார்ச் அறிக்கை கிடைத்தது. கைதட்டல் பற்றி நீ எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் அறிக்கையும் வந்துவிட்டால் போதும். கூட்டங்களுக்கு நடுவில் எழுதுகிறேன். மற்றவை பிறகு.

தம்பி


மே 26
கோபுர வளாகம்

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். உன் நாலு வரிக் கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இவ்வளவு சுருக்கமாக நீ எழுதியது பள்ளிக்கூடப் பரீட்சைக்கு அப்புறம் இதுதான். ஏப்ரல் அறிக்கையை மூன்றாம் தேதியே அனுப்பினேன், ஐந்துக்கு ஐந்துதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கடைத்தெருவில் தையல்காரரிடம் ஒரு திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்தேன். மெஷின் பக்கத்தில் ஃபோனை நிறுத்தி வைத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ எண்ணெய்ச் சட்டியில் பொரிகிற சத்தம். யாரோ தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறார்கள், 'ஸ' வரும் இடமெல்லாம் விசில் அடிக்கிறது. "எந்த நிலையம் இது?" என்று கேட்டேன். "நம்ம நிலையம்தான் மேடம், ஆன்லைன்ல" என்றார். அந்தப் பொரியல் கைதட்டல், தம்பி. நான் உட்கார்ந்து கேட்ட அதே பட்டிமன்றம், மறு ஒலிபரப்பு.

"எப்பலேருந்து இப்படி வருது?" என்றேன். "எப்பவுமே இப்படித்தானே. பேச்சுன்னா கேப்பேன். பாட்டு போட்டா நிறுத்திருவேன், தலை வலிக்கும்" என்றார்.

ஃபோன் ஸ்பீக்கரின் கோளாறு என்று நினைத்து, இன்று என் ஹெட்போனைக் கொண்டுபோய் அவர் ஃபோனில் மாட்டிக் கேட்டேன். அதே பொரியல். வீட்டுக்கு வந்து அத்தானின் ஃபோனை எங்கள் வளாகத்து நெட்டிலேயே, உன் பெட்டி மாட்டியிருக்கிற அதே லைனில் போட்டேன். பெட்டியில் வயலின். ஃபோனில் வயலின் மாதிரி ஏதோ ஒன்று. அத்தான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒரே நிலையமா?" என்றார்.

அங்கே சர்வரில் ஏதோ பழுது என்று நினைக்கிறேன். ஜனங்கள் இதைக் கேட்டுவிட்டு ஆன்லைனே வேண்டாம் என்று ஓடிவிடுவார்கள். நீ இதைக் கவனித்தாயா? உடனே பார்.

அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
அக்கா


மே 31
மூன்றாம் மாடி

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். பழுது எதுவும் இல்லை. ஃபோனுக்கு ஃபோன், நெட்டுக்கு நெட் மாறும். ஆளுக்கொரு மாதிரிதான் கேட்கும். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மூன்று அறிக்கை போதும் என்று முடிவாகிவிட்டது. மே மாதத்துக்கு எழுத வேண்டாம். பெட்டியை சர்வீஸ் பண்ண வேண்டியிருக்கிறது. அதனால் உடனே திருப்பி அனுப்பிவிடு. இல்லாவிட்டால் இங்கிருந்து ஆளையே அனுப்பி வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தையல்காரர் விஷயத்தை அங்கே யாரிடமும் பேச வேண்டாம், வீண் வதந்தியாகும்.

தம்பி


ஜூன் 12
கோபுர வளாகம்

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ என் நலத்தை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் முறை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் இரண்டு தடவை கேட்ட கேள்விக்கு உனக்கு நாலு மாதமாக நேரமில்லை. தையல்காரர் என்று எழுதியதும் ஐந்தாம் நாளே பதில் எழுதுகிறாய். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு சர்வீஸ் வேறு. யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

பெட்டியை நான் திறக்கவில்லை. சீல் வைத்தபடியே இருக்கிறது. ஆனால் உள்ளே போவதை வெளியே நின்று எண்ணத் தெரியாதவளா நான்? கேபிள் வழியாக ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போகிறது என்று எண்ணினேன். உன் பெட்டிக்கு நூற்றுப்பதினைந்து மெகாபைட். அதே நேரத்தில், அதே நிகழ்ச்சிக்கு, அத்தானின் ஃபோனுக்குப் பதினான்கு. ஊர் ஜனத்துக்குப் பிழிந்து எடுத்த சக்கை. அதைப்போல எட்டு மடங்கு எனக்கு. பெட்டி மட்டும் வேறு லிங்கில் ஓடுகிறது. நூறு மைல் தாண்டி உட்கார்ந்து மார்க் போடுகிற ஒருத்திக்கென்றே ஒரு தனி ஒலிபரப்பு நடத்தியிருக்கிறாய்.

அம்மாவின் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது. வீடே சேர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதை எனக்கும் எழுதிச் சிரிக்க வைத்தாய்.

ஒருவேளை நான் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கலாம். ஒருவேளை பெட்டியை அமைத்தது வேறு யாரோ, உனக்கே தெரியாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன். நம்ப வேண்டும் என்றுதான் ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 14
கோபுர வளாகம்

தம்பிக்கு,

ஒரு வரி கேட்டேன், வரவில்லை. அதற்குப் பதிலாக நேற்று சுற்றறிக்கை வந்தது. நான்கு பக்கம்.

செப்டம்பர் கடைசியோடு கோபுரத்தை நிறுத்துகிறார்களாம். இனி ஆன்லைன் மட்டும்தானாம். இரண்டாம் பக்கத்தில் காரணம் இருக்கிறது: 'கோபுரத்தின் பொறுப்பாளரே மூன்று மாதம் தொடர்ந்து கேட்டு, ஆன்லைன் ஒலிக்கு முழு மதிப்பெண் அளித்துள்ளார்.' கீழே என் அறிக்கைகள், என் கையெழுத்தோடு. வயலின் உரசல், கைதட்டல், முன்வரிசைக்காரர், எல்லாம் வரி மாறாமல். நான்காம் பக்கத்தில் புதிய ஆன்லைன் பிரிவின் தலைமைப் பொறியாளர் நியமனம். அது யார் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

சுற்றறிக்கையை எனக்கு முன்னால் மற்றவர்கள் படித்துவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. நான் டீ குடிக்கப் போனபோது பட்டறையில் பேச்சு நின்றுபோனது. டீசல் போடுகிறவர் எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏணிக்காரர் மட்டும் பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"ரெண்டரை போட்டீங்க, சிரிச்சுக்கிட்டே போனேன் மேடம். மூட்டை கட்டத்தான் போடுறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க ஒண்ணும் உங்களைத் தடுத்திருக்கப் போறதில்ல."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"உங்க தம்பிதானே அங்க பெரிய ஆளு" என்றார்.

ஏதாவது இருந்தால் என் தம்பி சொல்லாமல் இருக்கமாட்டான் என்று ஏப்ரலில் நான்தானே மார் தட்டினேன். இப்போது அவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? தம்பிக்குப் பதவி வாங்கிக் கொடுக்க ஏழு பேரை விற்றவள் என்று. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். இன்று காலை நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் பட்டறையே காலியாகிவிட்டது. இருபத்தாறு வருஷம் அவர்களோடு சேர்ந்து டீ குடித்திருக்கிறேன்.

கோபுரம் மூடுவதற்காக நான் அழவில்லை. எதுவும் ஒரு நாள் மூடும். நல்ல ஒலி வந்து என் கோபுரத்தைத் தோற்கடித்திருந்தால் நானே போய் ஸ்விட்சை அணைத்திருப்பேன். நீ என்னைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்கிற ஆள் வேண்டும் என்றால் உனக்கு அங்கேயே பத்துப் பேர் கிடைத்திருப்பார்கள். தன் பிழைப்புப் போனாலும் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிற ஆள் உனக்கு வேண்டியிருந்தது. என் நேர்மையை நம்பித்தான் நீ இந்த மோசடியைச் செய்திருக்கிறாய். இந்த உலகத்தில் அதை இவ்வளவு நம்பியவன் நீ ஒருவன்தான்.

மேற்பார்வைக் குழுவுக்கு எழுதப் போகிறேன். பெட்டியை அவர்களிடம் கொடுப்பேன். உன் ஆள் வந்தான், வெறுங்கையோடு அனுப்பினேன்.

அக்கா


ஜூலை 22
வீட்டிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன், முழுக்கப் படி. முழங்கால் எப்படி என்று கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

ஆமாம், தனி லிங்க்தான். அமைத்தது நான்தான். ஆனால் அது பொய் இல்லை, அக்கா. அடுத்த வருஷம் எல்லோருக்கும் வரப்போகிற தரம் அது. கோபுரத்துக்குப் போகும் மின்சாரச் செலவு மிச்சமானால் அதை வைத்து எல்லோருக்கும் நல்ல ஒலி கொடுக்கலாம் என்று இயக்குநர் சொன்னார். வரப்போவதை முன்னாலேயே உனக்குக் கேட்கக் கொடுத்தேன், அவ்வளவுதான். இப்போது ஜனங்களுக்குப் போவதை உன் காதில் போட்டிருந்தால் நீ ஐந்துக்கு ஒன்று போட்டிருப்பாய். அதோடு எல்லாமே நின்றிருக்கும்.

கோபுரத்தை மூடுவது போன வருஷமே முடிவாகிவிட்டது. அவர்களுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. நீ எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். யாரோ எழுதுவதற்குப் பதில் என் அக்கா எழுதினால் உனக்கும் நல்ல பெயர், தலைமையகத்தில் ஒரு இடமும் வாங்கித் தரலாம் என்று நினைத்தேன். இப்போதும் முடியும். நீ சரி என்றால் அடுத்த மாதமே இங்கே மாற்றல். அம்மாவோடு இருக்கலாம்.

உன் கேள்விக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். 'இல்லை' என்று எழுத வரவில்லை. 'ஆமாம்' என்று எழுதினால் நீ கையெழுத்துப் போடமாட்டாய். அதனால் விட்டுவிட்டேன். பொய் சொல்லவில்லை, அதை நினைத்துப் பார்.

நீ குழுவுக்கு எழுதினால் எனக்குப் பதவி மட்டும் இல்லை, வேலையே போகும். விசாரணை என்று வந்தால் இயக்குநர் கையைக் கழுவிவிடுவார், எல்லாம் என் தலையில்தான் விடியும். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள். ஊரில் யாருக்கும் தெரியாமல் நமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம். அந்த ஏழு பேருக்கும் நான் எப்படியாவது வேறு இடம் பார்க்கிறேன், சத்தியம். நீ மட்டும் பேசாமல் இரு. பெட்டியை உடைத்துப் போட்டுவிடு.

உனக்கு நான் ஒரே தம்பி.

தம்பி


ஆகஸ்ட் 5
கோபுர வளாகம்

உன் கடிதத்தை நான்கு நாள் மடித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அத்தானும் படித்தார். "நீ என்ன செஞ்சாலும் நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார். அன்று ராத்திரி அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

பொய் சொல்லவில்லை என்கிறாய். 'இல்லை' என்று எழுதிவிட்டிருந்தால்கூட நீ பயந்து உளறிவிட்டாய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். நீ என் கேள்வியைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைத் தாண்டி முழங்காலை விசாரித்திருக்கிறாய். எனக்கு ஆறவில்லை. அம்மாவை இதற்கு நடுவில் இழுக்காதே. அவளிடம் நீயாகச் சொல். வேறு வாய் வழியாகப் போனால் இதைவிடக் கேவலமாகப் போகும். மாற்றலும் வேண்டாம்.

குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நான் கேட்டது யாருக்கும் போகாத ஒலி, அதனால் என் மூன்று அறிக்கைகளையும் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். மெகாபைட் கணக்கு, தேதி, நேரம் எல்லாம் சேர்த்தேன். இதனால் கோபுரம் நிற்குமா என்று தெரியாது. நிற்காது என்றுதான் தோன்றுகிறது. அது எப்படியும் போகட்டும், என் கையெழுத்து ஒரு பொய்க்குக் கீழே நிற்கக் கூடாது.

அனுப்புவதற்கு முன்னால் பட்டறைக்குப் போனேன். யாரும் எழுந்து போவதற்குள், "ரெண்டு பக்கம்தான், நின்னு கேட்டுட்டுப் போங்க" என்றேன். வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். முடித்ததும் டீசல் போடுகிறவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

ஏணிக்காரர் தாளை வாங்கி மறுபடி ஒரு தடவை படித்தார். அவருக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். "இதுல 'தலைமைப் பொறியாளர்'னு போட்டிருக்கீங்க மேடம். அவர் உங்க தம்பின்னு எங்கயும் காணோமே" என்றார்.

"அது எதுக்கு?" என்றேன்.

"போடலேன்னா, தம்பியைக் காப்பாத்த எழுதினதாவும் சொல்வாங்க, தம்பி மேல பொறாமையில எழுதினதாவும் சொல்வாங்க. நீங்களே முதல்ல சொல்லிட்டா வேற யாரும் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

அவர் சொன்னது நியாயம். பேனாவை வாங்கி, பட்டறை மேஜையிலேயே வைத்து, உன் பதவிக்கு முன்னால் இரண்டு வார்த்தை சேர்த்தேன். வரிக்கு நடுவில் நுழைத்ததில் எழுத்து கொஞ்சம் கோணலாகிவிட்டது, ஆனால் படிக்க முடியும். முந்தாநாள் அவரே தபாலாபீஸுக்குப் போய்ப் பெட்டியோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது குழுவின் மேஜையில் அது இருக்கும்.

உன்னை 'என் தம்பி' என்று நான் கடைசியாக எழுதியது அந்தத் தாளில்தான்.

கோபுரப் பொறுப்பாளர்